சூடுநீர் பாய்லர் வயரிங்: சென்சார் தவறாகச் சொன்னாலும் தீ அணைய வேண்டும்

டொரன்டோவிலும் மொன்ட்ரியாலிலும் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் சூடுகாற்றுக் குழாய் கிடையாது. பேஸ்மென்டில் ஒரு பாய்லர், அறைக்கு அறை வார்ப்பிரும்பு ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே சுற்றிவரும் தண்ணீர். பெயர்தான் பாய்லர், உள்ளே எதுவும் கொதிப்பதில்லை. கடுங்குளிரில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஒரு சின்ன பம்பின் தள்ளலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வார்ப்பிரும்பு 30, 40 வருடம் அசையாமல் நிற்கும். ஜனவரி நடுவில் வீடு குளிர்ந்துபோனால் காரணம் பெரும்பாலும் இரும்பில் இருக்காது. தேய்ந்த ரிலேயிலோ, ஈரம் ஏறிய வயர் மூட்டிலோ, இடம் நழுவிய சென்சாரிலோ இருக்கும். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இங்கே.

முதலில் எல்லை. ஒன்டாரியோவில் கேஸ் குழாய், கேஸ் வால்வு, பர்னர், புகைக்குழாய் இவற்றில் கை வைக்க மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையமான டி.எஸ்.எஸ்.ஏ.வின் சான்று பெற்ற கேஸ் டெக்னீஷியன் வேண்டும். மின் வேலையை மின்பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.வில் பதிவு செய்ய வேண்டும். இதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள் உண்டு. பாய்லர் தப்பாக எரிந்தால் மேலே தூங்குகிறவர்களிடம் போவது மணமில்லாத கார்பன் மோனாக்சைடு. அதனால் அந்த எல்லையை மதித்தே தீர வேண்டும்.

பாய்லரில் வயர் போகும் கருவிகளை மனசுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, அளந்து சொல்பவை: தண்ணீர்ச் சூட்டு சென்சார், வெளிக்குளிர் சென்சார், தெர்மோஸ்டாட். இவை தவறினால் வீடு குளிரும், இல்லையென்றால் கேஸ் வீணாகும். மற்றது, தீயை நிறுத்துபவை: தண்ணீர்ச் சூடு எல்லை தாண்டினால் திறக்கும் ஹை லிமிட், தண்ணீர் குறைந்தால் திறக்கும் லோ வாட்டர் கட்-ஆஃப், புகை திரும்பினால் திறக்கும் ஸ்பில் ஸ்விட்ச், சுடர் வெளியே வழிந்தால் திறக்கும் ரோல்-அவுட் ஸ்விட்ச். முதல் வகை செய்ய வேண்டியதை இரண்டாம் வகையிடமும், இரண்டாம் வகை செய்ய வேண்டியதை முதல் வகையிடமும் விட்டுவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதன் பேச்சைக் கேட்காத தனி ஹை லிமிட் ஒன்று இருக்க வேண்டும்.

அதற்குக் காரணம் சென்சாரின் இயல்பிலேயே இருக்கிறது. இன்று பெரும்பாலான பாய்லர் சென்சார்கள் 10 கிலோ ஓம் என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். 25 டிகிரியில் 10,000 ஓம், 0 டிகிரியில் சுமார் 32,000, 60 டிகிரியில் சுமார் 2,500, 80 டிகிரியில் சுமார் 1,250. இப்போது வயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போகிறது. கன்ட்ரோலருக்கு அதன் பொருள், தண்ணீர் உறைபனியை விடக் குளிர்ந்திருக்கிறது என்பது. தீயைக் கூட்டச் சொல்லும். நல்ல கன்ட்ரோலர் அறுந்த சென்சாரைக் கண்டுபிடித்து நின்றுவிடும், எல்லாம் அப்படி இல்லை. பாதி தளர்ந்த ஸ்க்ரூவில் ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்கு காட்டினால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ளாது, 60 டிகிரித் தண்ணீரை 40 சொச்சம் என்று நம்பும். அப்போது தீயை நிறுத்தப்போவது தெர்மோவெல்லுக்குள் (தண்ணீருக்குள் நீட்டிய உலோக உறை) தனியாக உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் லிமிட் மட்டும்தான்.

பாதுகாப்புத் தொடர்

தீயை நிறுத்தும் ஸ்விட்ச்சுகள் எல்லாம் ஒரே சரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் கிளம்பும் ஆர் முனையில் தொடங்கி, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக லோ வாட்டர் கட்-ஆஃப், ஹை லிமிட், ஸ்பில் ஸ்விட்ச், ரோல்-அவுட் ஸ்விட்ச், கடைசியில் இக்னிஷன் மாட்யூல் (பர்னரைப் பற்றவைத்துச் சுடரைக் கண்காணிக்கும் பெட்டி) அல்லது கேஸ் வால்வு. அங்கிருந்து நேராக, மின்சாரம் திரும்பிவரும் சி முனைக்குப் போகும். எது திறந்தாலும் வால்வுக்கு மின்சாரம் போகாது. வயர் அறுந்தாலும் போகாது.

இங்கே ஒரு நுணுக்கம். பார்க்கிற பழைய பாய்லர்களில் அடிக்கடி தவறியிருப்பது இதுதான்: ஸ்விட்ச்சுகள் ஆர் பக்கம் வர வேண்டும், சி பக்கம் வரக்கூடாது. இரண்டு பக்கமும் சுற்று மூடித்தானே ஆக வேண்டும், எங்கே வைத்தால் என்ன என்று தோன்றும். பெரும்பாலான இக்னிஷன் மாட்யூல்களில் சி முனை பாய்லரின் உடம்போடு, அதாவது கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். ஹை லிமிட்டை சி பக்கம் போட்டு, வால்வுக்கும் லிமிட்டுக்கும் இடையே போகும் வயரின் தோல் தகட்டு விளிம்பில் உராய்ந்து கிழிந்தால், மின்சாரம் லிமிட்டைத் தொடாமலே பாய்லர் உடம்பு வழியாகத் திரும்பிவிடும். லிமிட் திறக்கிறது, தீ எரிந்துகொண்டே இருக்கிறது. அதே உராய்வு ஆர் பக்கம் நடந்தால் ஃபியூஸ் போய் எல்லாம் நின்றுவிடும். வீடு குளிரும், ஆனால் அந்த உராய்வு யாரையும் கொல்லாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபியூஸ் இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் இன்லைன் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. சில டாலர்தான்.

லிமிட் திறந்தால் பர்னர் மட்டும் நிற்க வேண்டும், பம்ப் நிற்கக் கூடாது. சிலர் எளிது என்று 120 வோல்ட் வழியிலேயே, பாய்லர் மொத்தத்துக்கும் முன்னால் லிமிட்டைப் போட்டுவிடுவார்கள். சூடு எல்லை தாண்டியதும் பம்பும் நிற்கும். சூடான வார்ப்பிரும்புக்குள் தண்ணீர் அப்படியே தேங்கி, கெட்டிலைப் போல இரைந்து, கடைசியில் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்து தரையெல்லாம் வெந்நீர். ஹனிவெல் எல்8148 மாதிரியான அக்வாஸ்டாட் ரிலேயில் டிரான்ஸ்ஃபார்மர், ஹை லிமிட், பம்ப் ரிலே மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும். சி1, சி2 முனைகளில் பம்பைப் போட்டால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டுக்கொண்டிருக்கும்வரை பம்ப் ஓடும், லிமிட் பர்னரை மட்டும் பிடிக்கும்.

ரேடியேட்டர் வீட்டுக்கு வேலை செய்யும் எல்லை 82 டிகிரி, அதாவது 180 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு மேல் 93 டிகிரி வாக்கில் கையால் மீட்டால்தான் மூடும் இரண்டாவது லிமிட் ஒன்று இருந்தால் நிம்மதி. அமெரிக்காவில் 4,00,000 பி.டி.யூ. இன்புட்டிலிருந்து மேலே உள்ள பாய்லர்களுக்குப் பொருந்தும் ஏ.எஸ்.எம்.இ. சி.எஸ்.டி.-1 விதி இந்தக் கையால் மீட்கும் லிமிட்டைக் கட்டாயமாகவே கேட்கிறது. வீட்டு பாய்லர் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. ஆனாலும் தானாக மீளும் லிமிட் ஒருநாளைக்கு இருபது தடவை திறந்து மூடினாலும் வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. கையால் மீட்கும் லிமிட் ஒரு தடவை விழுந்தாலே யாராவது கீழே போய்ப் பார்ப்பார்கள்.

லோ வாட்டர் கட்-ஆஃப்

வீட்டு பாய்லரில் இப்போது வருவது புரோப் வகை. ஒரு உலோகக் குச்சி தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வழியாகப் பாய்லர் உடம்புக்கு ஒரு மிகச்சிறிய மின்னோட்டம் போகிறதா என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். போனால் தண்ணீர் இருக்கிறது. நின்றால் பர்னரை அணைக்கும். ஆக, திரும்பிவரும் வழி குச்சியின் மரை. அந்த மரையில் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி இறுக்கினால் மரைக்கும் இரும்புக்கும் தொடுகையே இல்லாமல் போகலாம். பாய்லர் நிறையத் தண்ணீர் இருந்தும் சிவப்பு விளக்கு எரியும். வந்தவர் கருவி பழுது என்று புதிதாக மாற்றி, அதிலும் அதே மாதிரி டேப் சுற்றுவார். பைப் டோப் (மரையில் கசிவைத் தடுக்கும் பசை) மெல்லியதாகத் தடவி இறுக்குவது போதும். இறுக்கிய பிறகு மீட்டரில் புரோப்பின் வெளி உடம்புக்கும் பாய்லர் இரும்புக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும்.

பொருத்தும் இடம், தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்ச நீர்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. பாய்லருக்கும் அதற்கும் நடுவில் அடைக்கும் வால்வு எதுவும் இருக்கவே கூடாது. காற்று தேங்கும் மூலையில் வைத்தால் ஒவ்வொரு முறை காற்று சேரும்போதும் வீண் எச்சரிக்கை வரும். 24 வோல்ட் மாடலும் 120 வோல்ட் மாடலும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், பெட்டியைத் திறக்கும் முன் லேபிளைப் பாருங்கள். டெஸ்ட் பட்டன் அழுத்தினால் பர்னர் அணைகிறது என்பதோடு திருப்திப்படக் கூடாது, பட்டன் சோதிப்பது எலெக்ட்ரானிக்ஸை மட்டும். பொருத்திய அன்று பர்னரை அணைத்து, பாய்லர் ஆறிய பிறகு, தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, வடிகாலைத் திறந்து மட்டத்தை உண்மையாகவே இறக்கிப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் கேட்டுக்கொண்டிருக்க, கேஸ் அடைத்திருக்க, மீட்டரில் மாட்யூலுக்குப் போகும் 24 வோல்ட் விழ வேண்டும்.

தெர்மோவெல்லும் பைப்பும்

சென்சார் எவ்வளவு விலை என்பதைவிட, அது எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். பித்தளை தெர்மோவெல்லுக்குள் பல்பு, அதாவது சூட்டை உணரும் முனை, கடைசிவரை போய் முட்ட வேண்டும். உள்ளே போடும் முன் வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூச வேண்டும். காற்று இடைவெளி இருந்தால் அளவு தாமதமாக வரும், பர்னர் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிய பிறகுதான் லிமிட்டுக்குத் தெரியும். பல்பையும் லிமிட்டையும் இணைக்கும் மெல்லிய தாமிரக் கேபிலரிக் குழாயை முறுக்கி மடித்தால் அது நசுங்கி உயிர்விடும். சுருட்டி வளைவாக விட வேண்டும். மூடி திருகிய பிறகு கேபிளை லேசாக இழுத்துப் பாருங்கள். பல்பு ஒரு விரல்கடை வெளியே வந்தாலே தண்ணீர்ச் சூட்டைவிடப் பல டிகிரி குறைவாகக் காட்டும். குறைவாகக் காட்டினால் பாய்லர் மிகைச்சூடாகும் என்பதை மறக்கக் கூடாது.

பைப்பின் மேல் கட்டும் சென்சார் என்றால் தாமிரத்தைப் பளபளவென்று தேய்த்து, பேஸ்ட் வைத்து, இரண்டு இடத்தில் பட்டை போட்டு, மேலே பைப் இன்சுலேஷன் சுற்ற வேண்டும். பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயின் மேல் கட்டினால் சரியான அளவு வராது, பிளாஸ்டிக் சூட்டைத் தடுத்துவிடும். பாய்லருக்கு ஒரு வளையம், வீட்டுக்கு ஒரு வளையம் என்று பிரித்த பிரைமரி-செகண்டரி குழாய் அமைப்பில் சென்சார் பாய்லர் வளையத்தில் இருக்கிறதா, வீட்டுக்குப் போகும் வளையத்தில் இருக்கிறதா என்பது இன்னும் பெரிய கேள்வி. ரேடியேட்டருக்குப் போகும் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், வளையங்கள் சேரும் இடத்தில் நெருக்கமாக வைத்த இரண்டு டீ (T) மூட்டுகளையும் தாண்டி, தண்ணீர் கலந்து முடிந்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.

வயரின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். கணக்குப் போட்டால் கவலை போய்விடும். 18 கேஜ் தாமிரம் 1,000 அடிக்கு 6.4 ஓம். 100 அடி தூரத்தில் உள்ள சென்சாருக்குப் போகவர 200 அடி, 1.3 ஓம். 80 டிகிரியில் தெர்மிஸ்டர் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 37 ஓம் மாறும். ஆக 1.3 ஓம் என்பது ஒரு டிகிரியில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கவலைப்பட வேண்டியது ஈரம். வெளிச்சுவரில் இருக்கும் சென்சாரின் வயர் மூட்டில் மழைத்தண்ணீர் ஏறி, இரண்டு கம்பிகளுக்கும் இடையே 1,00,000 ஓம் கசிவு உண்டாகிவிட்டது என்று வையுங்கள். கோடையில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், 10,000 ஓமுக்குப் பக்கத்தில் அது சின்ன விஷயம். மைனஸ் 20 டிகிரி இரவில் சென்சாரின் ரெசிஸ்டன்ஸே சுமார் 97,000 ஓம். கசிவும் சேர்ந்தால் கன்ட்ரோலர் பார்ப்பது 49,000 சொச்சம். வெளியே மைனஸ் 8 என்று நம்பும். மைனஸ் 20-க்கு 80 டிகிரித் தண்ணீரும், பிளஸ் 20-க்கு 30 டிகிரியும் என்று வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் கோடு போட்டிருந்தால், மைனஸ் 8-க்கு 65 டிகிரித் தண்ணீர்தான் அனுப்பும். வருடத்தின் மிகக் குளிரான இரவில் மட்டும் வீடு சூடாகாது, மறுநாள் வெயில் வந்ததும் எல்லாம் சரியாகத் தெரியும். வந்து பார்க்கும் ஆளும் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போவார். வெளிச்சுவரில் மூட்டே போடாமல் ஒரே கேபிளாக உள்ளே கொண்டுவாருங்கள். மூட்டு தவிர்க்க முடியாவிட்டால் ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு, கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு, தண்ணீர் அங்கே சொட்டும்படி செய்யுங்கள்.

அந்த வெளி சென்சார் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், பனி குவியும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உடுப்பு உலர்த்தியின் புகைவாய், சமையலறை விசிறி, பாய்லரின் புகைக்குழாய், அடிக்கடி திறக்கும் ஜன்னல் இவற்றுக்கு எட்டி இருக்கட்டும். கன்டென்சிங் பாய்லரின் (புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுக்கும் வகை) பிளாஸ்டிக் புகைக்குழாய்க்கு மேலே சென்சாரைப் பொருத்திய வீடுகள் உண்டு. பாய்லர் எரிந்ததும் வெளியே வசந்தம் வந்துவிட்டதாகக் கன்ட்ரோலர் நினைத்து அணைக்கும், அணைந்ததும் மறுபடி குளிர்காலம்.

இந்த வெளிக்குளிர்க் கோட்டைப் பழைய வார்ப்பிரும்பு பாய்லருக்குப் போடும்போது கீழ் எல்லை ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும். திரும்பி வரும் தண்ணீர் 54 டிகிரிக்குக் கீழே நின்றால் புகையில் உள்ள நீராவி இரும்பின் மேலும் புகைக்கூட்டின் உள்ளேயும் படிந்து அரிக்கும். கன்டென்சிங் பாய்லருக்கு அந்தப் படிவுதான் லாபம், அங்கே கோட்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தலாம்.

சென்சாரைச் சந்தேகித்தால் போர்டிலிருந்து இரண்டு முனையையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். போர்டோடு சேர்த்து அளந்தால் வரும் எண் எதற்கும் உதவாது. நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சென்சார் முனையை அதில் ஐந்து நிமிடம் வைத்தால் 0 டிகிரிக்குரிய ஓம் வர வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.4 சதவீதம் மாறும், அதை வைத்து எத்தனை டிகிரி தவறுகிறது என்று சொல்லிவிடலாம். மாற்றும்போது 10 கே என்பதோடு நிற்காதீர்கள். 12 கே, 20 கே வகைகளும் உண்டு. 10 கேயிலேயே வளைவு வேறுபட்ட வகைகளும் உண்டு. அறை வெப்பத்தில் ஒத்துப்போய், 80 டிகிரியில் பல டிகிரி பிசகும்.

டி-டி முனையில் கருகும் போர்டுகள்

வீட்டைத் தனித்தனியாகச் சூடாக்கும் இரண்டு மூன்று பகுதியாக, அதாவது ஸோனாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு ஸோன் வால்வு. ஹனிவெல் வி8043இ வால்வில் மஞ்சள் இரண்டும் மோட்டார், சிவப்பு இரண்டும் எண்ட் ஸ்விட்ச் (வால்வு திறந்து முடிந்ததும் மூடும் ஸ்விட்ச்). டிரான்ஸ்ஃபார்மரின் ஆர், தெர்மோஸ்டாட் வழியாக ஒரு மஞ்சளுக்கு. மற்ற மஞ்சள் சி-க்கு. எல்லா வால்வுகளின் சிவப்புகளும் இணையாகச் சேர்ந்து, பாய்லரில் தெர்மோஸ்டாட் சேரும் டி-டி முனைக்கு. டாக்கோவின் பழைய வெப்ப மோட்டார் வால்வில் 1, 2, 3 என்று முனைகள்: 1-2 மோட்டார், 2-3 எண்ட் ஸ்விட்ச். 2 இரண்டுக்கும் பொது என்பதால் மோட்டாரின் 24 வோல்ட் எண்ட் ஸ்விட்ச் பக்கமும் வந்துவிடும். அதை நேராக டி-டியில் கொடுக்காமல் நடுவில் ரிலேயோ, ஸோன் கன்ட்ரோல் பேனலோ வைக்க வேண்டும்.

ஏனென்றால் பெரும்பாலான பாய்லர்களின் டி-டி முனை தன் சொந்த 24 வோல்ட்டை வைத்திருக்கும். அது கேட்பது வெறும் தொடுகையை மட்டும். வெளியிலிருந்து இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரின் 24 வோல்ட்டை அதில் கொடுத்தால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றோடொன்று மோதும். எதிர்க் கட்டத்தில் (ஃபேஸில்) இருந்தால் 48 வோல்ட்டாகும். போர்டு போகும். கன்டென்சிங் பாய்லரின் போர்டு விலை பல நூறு டாலர். ஆகவே அந்த இரண்டு வயரையும் டி-டியில் திருகும் முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். ஸோன் எதுவும் கேட்காதபோது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரண்டுக்கும் இடையே பாருங்கள், பூஜ்யம். ஒரு ஸோனைக் கேட்கவைத்து, வால்வு முழுக்கத் திறந்த பிறகு மறுபடி, அப்போதும் பூஜ்யம். ஒவ்வொரு வயரிலிருந்தும் கிரவுண்டுக்கும் பாருங்கள், அங்கேயும் பூஜ்யம். பிறகு ஓமுக்கு மாற்றுங்கள்: கேட்காதபோது திறந்த சுற்று, கேட்கும்போது 1 ஓமுக்குள். இவை எல்லாம் சரியாக வந்தால்தான் திருக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு எளிது. 40 வி.ஏ.யை 24-ஆல் வகுத்தால் 1.67 ஆம்பியர். வி8043இ ஒன்றுக்கு 0.32 ஆம்பியர். ஐந்து போட்டால் 1.6, காகிதத்தில் சரி, ஆனால் தெர்மோஸ்டாட்டுகளும் ரிலேயும் அதே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும். நான்கோடு நிறுத்துங்கள், 1.28 ஆம்பியர், 80 சதவீதத்துக்குள். டாக்கோ வெப்ப மோட்டார் வகை 0.9 ஆம்பியர் இழுக்கும். ஹனிவெல்லின் எண்ணிக்கையை அங்கே கொண்டுபோகக் கூடாது.

எந்த ஸோனும் கேட்காமல் பாய்லர் தானாக எரிந்து, லிமிட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு எண்ட் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிவப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அந்த வால்வுதான். சி வயர் இல்லாமல் இரண்டு கம்பியில் ஓடும் புதுவகை தெர்மோஸ்டாட்டும் இதே மாதிரி பேய் காட்டும். தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேட்கும் வயர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், அதிலேயே ரிலே கிட்கிட்டென்று அடிக்கும். புதிதாக வயர் இழுப்பதானால் ஐந்து இழை கேபிளாகவே இழுத்துவிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், முந்தைய ஆள் எதை எதற்கு எடுத்தார் என்று மீட்டர்தான் சொல்லும்.

கிரவுண்டும் சுடரும்

பர்னர் எரிந்து, நான்கைந்து வினாடியில் அணைந்து, மறுபடி முயன்று, மூன்றாம் முறை பூட்டிக்கொள்கிறது, அதாவது முயல்வதையே நிறுத்திவிடுகிறது என்றால் பெரும்பாலும் சுடரை உணரும் சுற்றுதான். சுடர்க் குச்சியிலிருந்து தீயின் வழியாகப் பர்னர் இரும்புக்கு ஓடுவது சில மைக்ரோ ஆம்பியர் டி.சி. மாட்யூலைப் பொறுத்து குறைந்தது 1 மைக்ரோ ஆம்பியர் வேண்டும், நல்ல நிலையில் 2 முதல் 5 வரை வரும். குச்சிக்குப் போகும் சென்ஸ் வயரைக் கழற்றி மீட்டரைத் தொடரில் வைத்துப் பார்க்கலாம். குறைவாக இருந்தால் முதலில் குச்சியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் துடையுங்கள். அடுத்து பர்னரிலிருந்து மாட்யூலின் கிரவுண்ட் முனைக்குத் தனி வயர் இருக்கிறதா, அதன் ஸ்க்ரூவின் கீழ் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட்டில் ஹாட்டும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில கன்ட்ரோல்களில் இதே நோய் வரும். பழைய வீட்டில் இதைக் கடைசியாகச் சோதிக்காமல் முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது.

120 வோல்ட்டும் 24 வோல்ட்டும் ஒரே பெட்டியில் தடுப்பு இல்லாமல் சேரக் கூடாது. சென்சார் கேபிள் பம்ப் கேபிளோடு ஒட்டி ஓடக் கூடாது, கடக்க வேண்டுமென்றால் குறுக்கே செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு உள்ள கேபிளில் ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்ய வேண்டும். பர்னருக்குப் பக்கத்தில் சாதாரண தெர்மோஸ்டாட் கேபிள் தோலுருகும், அங்கே உயர்வெப்ப வயர்தான். எலெக்ட்ரானிக் மோட்டார் கொண்ட புது இ.சி.எம். பம்புகள் ஓடும்போது மிகக் குறைவாகவே இழுக்கும், தொடங்கும் கணத்தில் மட்டும் பெரிதாக இழுக்கும். சின்ன ரிலேயின் தொடுகைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் நிற்காமல் ஓடினால் பம்பைக் குறை சொல்லும் முன் ரிலேயைப் பாருங்கள்.

பழுது தேடும்போது மீட்டரின் கறுப்பு முனையை சி-யில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையால் பாதுகாப்புத் தொடரை ஒவ்வொரு படியாகத் தொட்டுக்கொண்டே போகலாம். ஃபியூஸுக்குப் பின் 25 வோல்ட், லோ வாட்டர் கட்-ஆஃபுக்குப் பின் 25, லிமிட்டுக்குப் பின் 25, ஸ்பில் ஸ்விட்ச்சுக்குப் பின் 0. ஸ்பில் ஸ்விட்ச் திறந்திருக்கிறது. அடுத்த கேள்வி அதை எப்படி மூடுவது என்பதாக இருக்கக் கூடாது, ஏன் திறந்தது என்பதாகத்தான் இருக்க வேண்டும்: புகைக்கூட்டில் பறவைக்கூடு, அடைப்பு, காற்று வராத இறுக்கமான பேஸ்மென்ட். அதைத் தீர்க்காமல் மீட்டு விட்டுப்போனால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடை விட்டுப்போவதாகிவிடும். சோதனைக்கு ஜம்பர், அதாவது ஒரு ஸ்விட்ச்சைத் தாண்டிப்போகும் தற்காலிக வயர், போட நேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில், முழ நீளத்தில், வெளியே தொங்கும்படி போடுங்கள். பாய்லர்க் கதவு அதன் மேல் மூட முடியாதபடி இருக்கட்டும். எல்லாப் படியிலும் மின்னழுத்தம் வந்தும் கேட்கும்போது 25 என்பது 19-க்கு விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் பாரம் கூடிவிட்டது, இல்லையென்றால் ஒரு மூட்டு சுடுகிறது.

வேலை முடிந்ததும் குளிர்ந்த நிலையில் 12 பி.எஸ்.ஐ. நிரப்பி (அது தண்ணீரை 27 அடி உயரத்துக்குத் தூக்கும், இரண்டு மாடி வீட்டுக்குப் போதும்), பாய்லரை எரியவிட்டு, தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும்போது ஹை லிமிட்டை 60-க்கு இறக்குங்கள். பர்னர் அந்தக் கணமே அணைய வேண்டும், பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திரும்ப 82-க்கு ஏற்றுங்கள். வெளி சென்சாரின் ஒரு முனையைக் கழற்றிக் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு சப்ளை சென்சாரையும் (ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை அளப்பது) அப்படியே. மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டு, தானாக ஒழுங்காகத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, போட்டது போட்டபடியே வயரிங் படம் ஒன்றைக் கையால் வரைந்து, அதிலேயே அன்றைய தேதி, சென்சார்களின் ஓம், சுடரின் மைக்ரோ ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட் எல்லாவற்றையும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாய்லர்க் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். சுடர் அன்று 4.1 மைக்ரோ ஆம்பியர் என்று எழுதியிருந்து, ஆறாவது குளிர்காலத்தில் வருகிறவரின் மீட்டரில் 1.6 என்று வந்தால், பர்னர் பூட்டிக்கொள்ளும் முன்பே அவர் குச்சியைத் துடைத்துவிட்டுப் போவார்.